முகம் தெரியாத வேலை

ராயப்பேட்டை,
8 ஜூலை 2024

அன்புள்ள தம்பி பிரபுவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். ஓமனில், சோஹரில் நீயும் வெயிலும் எப்படி?

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியின் வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய நாள். மாலையில் கூடிய நிர்வாகக் குழு, இருட்டும்வரை விவாதித்து, இடையில் சமோசா சாப்பிட்டு, ரிசப்ஷனில் இருக்கும் பெண்கள் இனி முகக்கவசம் அணியக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கவசம் புன்னகையை மறைக்கிறது. புன்னகையைக் காணாத நோயாளி பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். இருமுகிறவர்கள் முதலில் வந்து நிற்கிற இடம் எங்கள் கவுன்ட்டர்தான் என்று யாரோ சொன்னார்களாம். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. புன்னகையின் அளவும் முடிவாகியிருக்கிறது: மேல்வரிசைப் பற்கள் தெரிய வேண்டும். கீழ்வரிசை அவரவர் விருப்பம்.

நந்தனத்தில் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் நான் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. உள்ளே வருகிறவர் முகத்தைப் பார்த்தே இவருக்கு முதலில் வேண்டியது சக்கர நாற்காலியா, தண்ணீரா, கழிப்பறைக்கு வழியா என்று சொல்லிவிடுவேன். என் பல்லை இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது பல் தெரிந்ததா என்று வருகிறவர்களே தீர்ப்புச் சொல்ல மூன்று முகம் வரைந்த ஒரு கருவியும் வந்திருக்கிறது. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். ஒன்றை அமுக்கிவிட்டுப் போகலாம்.

நீ போன வாரம் போனில் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, நான் குடித்திருக்கவில்லை. சாயங்காலக் களைப்பு, லைனும் சரியில்லை. இனி எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் வாயை மோந்து பார்க்க முடியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
அன்புக்கரசி

*

சோஹர்,
15 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? அந்த எண்ணெயைத் தேய்க்கிறாளா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாளா?

போனில் கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதே. பேச்சு மூக்கால் வந்தது, கடைசியில் குழறியது. ஏதோ வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். எழுதுவதும் நல்லதுதான்.

முகக்கவச விஷயத்தில் நீ கொஞ்சம் அதிகமாகக் கோபப்படுகிறாய். நானும் இங்கே கிடங்கில் நாற்பது பேரை மேய்க்கிறவன். நிர்வாகம் ஒன்று சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சிரிக்கச் சொல்கிறார்கள், சிரித்துவிட்டுப் போயேன். காசா பணமா?

அம்மாவுக்கு என் முத்தம்.

தம்பி,
பிரபு

*

ராயப்பேட்டை,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம். எண்ணெய் அலமாரியில் சுகம். என் சுகத்தைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

காசு பணம் இல்லாத அந்தப் பொருள் என்னிடம் தீர்ந்துவிட்டது. சிரிக்கிறேன், பிரபு. உள்ளே எல்லாம் சரியாகக் கிளம்புகிறது. வெளியே வந்து சேர்வது வேறாக இருக்கிறது. லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தேன். மேலுதடு மட்டும் ஏறி, ஓரங்கள் அப்படியே நின்று, எலும்பைக் காவல் காக்கிற நாய்போல இருந்தேன். காலையில் பரவாயில்லை. மதியத்துக்கு மேல் அழுகிற முகத்தை அமுக்காமல் போகிறவர்கள் கண்பார்வை குறைந்தவர்கள் மட்டுமே. அம்மாவும் கேட்டுவிட்டாள்: "இன்னாடி, எவன் மேல கோவம்? மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற?"

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. அடையாறிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, எங்களை வரிசையாக உட்காரவைத்து, பல்லுக்கிடையில் பென்சிலைக் கடிக்கச் சொன்னார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருக்கிற ஸ்நேஹா, நான் வேலை சொல்லிக்கொடுத்த பெண், அழகாகக் கடித்தாள். என் பென்சில் கீழே விழுந்தது. பயிற்சியாளர் "மேடத்துக்கு ஈடுபாடு போதவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் இடது கண் இமை பாதி இறங்கிக்கொண்டது. உடனே ஒரு பெரியவர், நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்ததாகப் புகார் கொடுத்தார். அவருக்கு எழுபது வயது இருக்கும். புகாரில் அவர் மனைவியும் கையெழுத்துப் போட்டிருந்தார். மனிதவளப் பிரிவின் ராஜகோபாலன் சார் என்னை அழைத்து, "மேடம், இதெல்லாம் நல்லா இருக்கா?" என்றார். இல்லை என்றேன்.

அன்றைக்கே மூன்றாம் மாடிக்குப் போனேன். நரம்பு டாக்டர் ஜமீலுன்னிசா ஒரு ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு இமைமேல் வைத்தார். எடுத்தபோது இமை தானாக ஏறியிருந்தது. "பாத்தீங்களா, கதவு ரிப்பேர் இல்ல, பெல்லுதான் அடிக்கல" என்றார். நரம்பு கூப்பிடுவது தசைக்குக் கேட்கவில்லை. நம் உடம்பே நடுவில் நின்று தடுக்கிறது. உபயோகித்தால் ஓயும், ஓய்வு கொடுத்தால் திரும்பும். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ். முழுக்கப் போகாது, கட்டுக்குள் வைக்கலாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, அதோடு ஸ்டீராய்டு.

ஆக, கண் இமையும் சிரிப்பும். வேறு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் கண் வீக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

வெயிலில் தொப்பி போடு.

அக்கா

*

சோஹர்,
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எழுத முடியாததால் இவ்வளவு நாள் எழுதவில்லை. இணையத்தில் அந்தப் பெயரைத் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம்.

ஒன்று கேள். ஆபீஸில் சொல்லாதே. ஒரு தொழிலாளிக்கு நாள்பட்ட வியாதி என்று தெரிந்த பிறகு அலுவலகம் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். முதலில் பழம் வாங்கி வருவார்கள்.

நீ ஏன் இன்னும் அந்தக் கவுன்ட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறாய்? தினமும் ஆயிரம் பேர் உன் முகத்தைப் பார்த்து மார்க் போட வேண்டுமா? முகம் தெரியாத வேலை எத்தனையோ இருக்கிறது.

அந்த ராஜகோபாலன் என்ன பதவி? சும்மாத்தான் கேட்கிறேன்.

மாத்திரையை மறக்காதே.

பிரபு

*

ராயப்பேட்டை,
14 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரையை மறக்கவில்லை. அதனால் காலையில் நலம், மாலையில் சுமார். அவர் மனிதவள மேலாளர்.

உன் புத்திமதி வருவதற்குள் சொல்லிவிட்டேன். வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். ஸ்டீராய்டு போடுவதால் உடம்பில் எதிர்ப்பு குறையும், வேலை நேரம் முழுக்க முகக்கவசம் போட வேண்டும் என்று மூன்றாம் மாடி எழுதிக் கொடுத்தது. போடக் கூடாது என்பது தரைத்தளத்தின் தீர்மானம். இரண்டும் ஒரே ஆஸ்பத்திரியின் தலைப்பு அச்சிட்ட தாள்.

ராஜகோபாலன் சார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேடம், டாக்டர் சொல்றது கிளினிக்கல் சைடு. இது அட்மின் சைடு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"நான் எந்த சைடு சார்?"

"நீங்க ஃப்ரண்ட் சைடு. அதான் பிரச்சினையே."

"பதினோரு வருஷமா கண்ணால பார்த்து, காதால கேட்டு, கையால எழுதித்தான் வேலை செய்யறேன். பல்லை வச்சு நான் ஒரு வேலையும் செய்யல."

"கோபப்படாதீங்க. வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா வந்து பேசச் சொல்லுங்களேன்."

எனக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய மகளுக்கு அட்மிஷன் போட்டதே நான்தான். என் இடத்தில் உட்காருவேன், கவசம் போடுவேன், இருக்கிற சிரிப்பைக் கண்ணால் சிரிப்பேன், இதில் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை என் கவசத்தைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கே டாக்டர் ஜமீலுன்னிசா மூன்று மாடி இறங்கி வந்து, நோயாளிகளோடு வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும், "அன்பு, மாஸ்க் எங்க?" என்றார். ராஜகோபாலன் சார் ஓடி வந்தார்.

"டாக்டர், அது கிளினிக்கல் சைடு..."

"அட்மின் சைடுக்கு வர்ற கிருமி வேற கிருமியா சார்? ஐ.டி. கார்டு போட்டுட்டு வருமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாம் தெரிந்தது. இப்போது மறு உத்தரவு வரும்வரை எனக்கு மட்டும் முகக்கவசம் உண்டு. என் இடமும் உண்டு. கண்ணடித்த புகாரும் நின்றுவிட்டது, இமை விழாமல் இருக்க மூக்குக்கண்ணாடியில் ஒரு தாங்கி வைத்திருக்கிறேன்.

ரொம்ப நாளுக்குப் பிறகு நேற்று அம்மா வைத்த மீன் குழம்பு ருசித்தது. உனக்கும் நல்ல சாப்பாடு கிடைக்கட்டும்.

அக்கா

*

சோஹர்,
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ ஜெயித்ததாக நினைப்பது தெரிகிறது. மறு உத்தரவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

கவலைப்படாதே, நல்லது நடக்கும். ராஜகோபாலன் சார் அவ்வளவு மோசமானவராக இருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. மரியாதையாகக் கேட்டால் கேட்கிற மனிதர்.

தீபாவளிக்குப் புதுப்புடவை எடுத்துக்கொள். அம்மாவுக்கும்.

பிரபு

*

ராயப்பேட்டை,
18 நவம்பர் 2024

பிரபுவுக்கு,

நலம் விசாரிக்கிற பகுதியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

இன்று காலை எனக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. "தங்கள் குடும்பத்தார் விரும்பிக் கேட்டுக்கொண்டபடி" என்று ஆரம்பம். எனக்குத் தெரிந்து என் குடும்பம் நானும் அம்மாவும். அம்மா எதையும் விரும்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ராஜகோபாலன் சாரிடம் போனேன். அவர் முகத்தில் மேல்வரிசை முழுக்கத் தெரிந்தது.

"உங்க தம்பியே மெயில் போட்டாரே, மேடம். எவ்வளவு பண்பா எழுதியிருக்காரு! அப்புறம் நானும் போன்ல பேசினேன். நம்மளாலான உதவின்னு உடனே பண்ணிக் கொடுத்துட்டேன்."

அவரே படித்தும் காட்டினார், நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கட்டுரையைப்போல. "என் சகோதரியின் முகத்தைப் பொதுமக்கள் காண நேராத, உட்கார்ந்தபடி செய்யக்கூடிய இலகுவான பணி எதையேனும் கருணைகூர்ந்து." கருணை கூர்ந்துவிட்டார்கள். இன்றிலிருந்து எனக்கு டெலிபோன் பிரிவு. அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. காதில் ஹெட்போன் மாட்டி, காலையிலிருந்து மாலைவரை பேச வேண்டும். முகம் யாருக்கும் தெரியாது.

இனி நான் உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். குடித்திருக்கிறாயா என்று கேட்டாயே, அதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி, அப்போது எனக்கே தெரியாது. இமையும் உதடும் மட்டுமல்ல, நாக்கும் தொண்டையும் அதே கதைதான். அரை மணி பேசினால் குரல் மூக்குக்கு ஏறும். ஒரு மணி பேசினால் வார்த்தை குழறும். அதற்கு மேல் பேசினால் விழுங்குவதும் மூச்சும் சேர்ந்து ஓயும் என்று டாக்டர் செப்டம்பரிலேயே எச்சரித்தார். கவுன்ட்டரில் ஒருவருக்கு நாலு வார்த்தை போதும். மீதியை விரல் காட்டும். அங்கே என்னால் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்க முடியும். உனக்குப் போன் பேசாமல் எழுதியதே இதனால்தான். சொல்லாமல் விட்டது திமிர். குடிகாரி என்று கேட்டவனிடம் விளக்கம் சொல்வதா என்ற திமிர். அது என் பங்கு.

உன் பங்குக்கு வருவோம். ஆம்பளை யாராவது வந்து பேசட்டும் என்று அவர் கேட்டார். நான் அதை எழுதியபோது நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ அதற்குள் எழுதிப் போட்டிருக்கிறாய். என் உடம்பு, என் வேலை, என் நாற்காலி. மூன்றையும் பற்றி இரண்டு ஆம்பளைகள் கடல் தாண்டிப் பண்பாகப் பேசி முடித்துவிட்டீர்கள். நிர்வாகம் என்னைக் கவுன்ட்டரிலிருந்து எழுப்ப நாலு மாதமாக முயன்று முடியவில்லை. உனக்கு ஒரு மெயில் போதுமாக இருந்தது.

நீ எழுதியதை நீயே திரும்பப் பெற்று அவர்களுக்கு எழுது. இன்றே எழுது.

அன்புக்கரசி

*

சோஹர்,
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நாற்பது பேருக்கு மெமோ அடிக்கிறவனுக்குத் தவறு என்னுடையது என்று ஒரு வரி எழுதப் பத்து நாள் ஆனது. போன வாரம் அனுப்பினேன். அந்த வேண்டுகோள் உன் சம்மதம் இல்லாமல் நான் அனுப்பியது, அதைத் திரும்பப் பெறுகிறேன், பேசுகிற வேலை உன் உயிருக்கு ஆபத்து, உன்னைப் பழைய இடத்திலேயே உட்காரவைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். கருணை என்ற வார்த்தையைப் போடவில்லை.

பதில் வந்தது. கருணை அடிப்படையில் ஒருமுறை ஏற்கப்பட்ட வேண்டுகோளை ஓராண்டுக்குள் மறுபரிசீலனை செய்ய விதி இல்லையாம். என் கடிதத்தைப் பாராட்டி நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

நீ சொல்லியிருந்தால் இப்படி நடந்திருக்காது என்று எழுதி, அடித்துவிட்டேன். உன்னைக் கேட்டிருந்தாலும் நடந்திருக்காது.

வேலையை விட்டுவிடு அக்கா. நான் இருக்கிறேன்.

பிரபு

*

ராயப்பேட்டை,
16 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். விரலும் சீக்கிரம் ஓய்கிறது.

வேலையை விட்டால் ஊழியர் அட்டை போகும். அட்டை போனால் மூன்றாம் மாடி போகும். அதனால் பேசிக்கொண்டிருக்கிறேன். வேளச்சேரியில் தண்ணீர் நிற்கிறது, ஆம்புலன்ஸ் வருமா என்று கேட்கிறார்கள். வரும் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்குகிறேன். ஒருத்தர், "இன்னா மேடம், தூங்கிக்கினே பேசுறியா?" என்று கேட்டார். இன்னொருத்தர் உன்னைப்போலவே கேட்டார்.

பேச்சு வேலை கூடவே கூடாது என்று டாக்டர் இரண்டு முறை எழுதினார். குழுவின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழு பொங்கலுக்குப் பிறகு கூடும். டாக்டர் என்னை வீட்டில் படுக்கச் சொன்னார். விடுப்புக்கு மனு கொடுத்திருக்கிறேன். அதுவும் குழுவிடம்.

நேற்று சாப்பிடும்போது ரசம் மூக்கு வழியாக வந்தது. அம்மா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டதைப் படித்தேன். வைத்திருக்கிறேன்.

அக்கா

*

சோஹர்,
27 டிசம்பர் 2024

அக்கா,

பதில் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "உள்ள வச்சிக்கிறாங்கடா, மூச்சுக்கு மிசின் போட்டுக்கிறாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாங்க, நீ வாடா" என்றாள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இதை நீ எப்போது படிப்பாய் என்று தெரியாது. வருகிறேன்.

பிரபு

*

ராயப்பேட்டை,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி பிரபுவுக்கு,

சுகமாக மூச்சு விடுகிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. அம்மாவும் சுகம். நீ விடுப்பு நீட்டித்ததற்கு உன் மேலாளர் என்ன சொன்னார்?

ஜனவரியில் நீ கட்டில் பக்கத்தில் நின்ற நாட்களில் என் தொண்டையில் குழாய் இருந்தது. பேச முடிந்திருந்தால் திட்டியிருப்பேன். அந்த வகையில் உனக்கு லாபம். ஆனால் நீ என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை.

நீ திரும்பிப் போன மறுநாள் ராஜகோபாலன் சார் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். நீ சொன்னது சரி. குழாய் எடுத்த தொண்டை என்பதால் அம்மா சாப்பிட்டாள்.

பொங்கல் கழிந்து குழு கூடியது. டாக்டர் சொன்னதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டது: பேசுகிற வேலை எனக்கு ஆகாது. பொதுமக்கள் பார்க்கிற வேலை வேண்டாமென்று குடும்பத்தாரே எழுதியிருப்பதையும் மதித்தது. நீ திரும்பப் பெற்ற கடிதம் விதிப்படி கணக்கில் வராது. பார்க்காத, பேசாத வேலை எதுவும் தற்சமயம் காலி இல்லை. ஆகவே ஜனவரி முப்பத்தொன்றோடு என்னை விடுவித்து, பதினோரு வருஷ சேவைக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன், நானே, என் பெயரில். நீ எதுவும் எழுதாதே. டாக்டர் ஜமீலுன்னிசா சாட்சி சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் போயிருக்கிறது.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். ஊழியர் எண் செல்லாததால் பழைய கோப்பைத் திறக்க முடியவில்லை, புதிதாகப் பதிந்து வரச் சொன்னார்கள். கவுன்ட்டரில் ஸ்நேஹா இருந்தாள். திரையைப் பார்த்தபடியே பெயர் கேட்டாள். சொன்னேன். வயது கேட்டாள், சொன்னேன். முன்பு இங்கே வந்ததுண்டா என்ற கட்டத்துக்கு வந்தபோது கேட்காமல் தானே "இல்லை" என்று அடித்தாள். உறவினர் பெயர் என்ற இடத்தில் உன்னைச் சொல்லியிருக்கிறேன்.

டோக்கன் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள்.

அக்கா,
அன்புக்கரசி